கரடிமடுவில் கடல் ஏற்றம்

"சார், படகுல இருக்கற வைஃபைக்கு பாஸ்வேர்டு வேணும்" என்று எழில்மதி கேட்டாள்.

கண்காணிப்பாளர் கோகிலவாணி வாய்வரை கொண்டுபோன வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். அதன்பிறகு அந்த வடையை அவர் எடுக்கவே இல்லை. அந்த அலுவலகத்தில் ஒரு வடை அனாதையாக விடப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

வேலையில் சேர்ந்த அன்றே கோகிலவாணி அவளைப் பீரோவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தார். "லீவு கேளு, தர மாட்டாங்க. சம்பளம் கேளு, லேட்டா வரும். உக்கார நாற்காலி கூட கேளு, பாக்கலாம்பாங்க. பாஸ்வேர்டு மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாத மதி. உனக்கு முன்னாடி இருந்த புள்ள கேட்டுது. இப்ப அது துணிக்கடையில சேலை மடிச்சுக்கினு இருக்குது."

செயல் இயக்குநர் ஜெயப்பிரகாஷ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"யாரும்மா உன்னைக் கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். வேணும், கேக்கறேன்."

"வேணும்னா கேட்டுடறதா?"

இந்தக் கேள்விக்குப் பொறியியல் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை. எழில்மதி நின்றாள். அவளுக்குக் கால் வலித்தது. நாற்காலி கேட்டது இன்னும் பரிசீலனையில் இருந்தது.

அந்த முகமையின் முழுப்பெயர், மலைநீர்நிலை இயந்திரப் படகு இயக்கக் கண்காணிப்பு மற்றும் மேம்பாட்டு முகமை. பெயர்ப்பலகையை மாட்டியபோது கீழ்த்தளத்து உரக்கடையின் பெயர் மறைந்துபோனது. யூரியா வாங்க வருகிறவர்கள் இன்றைக்கும் மாடியேறி வந்து "டிஏபி வந்திருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். கள்ளக்குறிச்சியில் முகமைக்குப் பொதுமக்கள் தொடர்பு என்று இருந்தது அவ்வளவுதான்.

முகமையிடம் ஒரு படகு இருந்தது. அது கல்வராயன் மலைமேல், கரடிமடு ஏரியில் கிடந்தது. முகமை கீழே, கள்ளக்குறிச்சியில் கிடந்தது. நடுவில் கச்சிராயபாளையமும் வயிற்றைப் புரட்டும் வளைவுகளும், எப்போது வரும் என்று ஓட்டுநருக்கே தெரியாத ஒரு பஸ்ஸும். படகை ஓட்ட ஒரே ஒரு ஆள். அவர் ஓட்டுவதைக் கண்காணிக்க ஒரு மாடி நிறைய ஆட்கள்.

கரடிமடு சின்ன ஏரி. நல்ல மழைக்காலத்தில் ஒரு ஆள் மேல் இன்னொரு ஆள் நின்றால் முழுகுகிற ஆழம். இக்கரையில் நின்று திட்டினால் அக்கரையில் இருப்பவருக்குக் கோபம் வரும், அந்த அகலம். இந்த ஏரிக்குத்தான், எங்கோ மேலே யாரோ கையெழுத்துப் போட்டதில், கடல் படகுக்கான கருவிகள் வந்து இறங்கின.

கருவிகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. படகின் அடிவயிற்றில் ஆழம் பார்க்கும் கருவி. கூரைமேல் காற்றின் திசை பார்க்க ஒன்று. வேகத்துக்கு ஒன்று, இருக்கும் இடம் சொல்ல ஒன்று. எல்லாவற்றின் ஒயர்களும் சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டி தனக்கென்று ஒரு வைஃபையைப் பரப்பும். பக்கத்தில் இருக்கும் போனையோ டேப்லெட்டையோ அதில் சேர்த்துவிட்டால் ஆழம் எவ்வளவு, காற்று எப்படி என்று திரையில் எண்கள் வந்து நிற்கும். தண்ணீர் குறைந்தால் கத்தும். டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். டவர் இல்லாத மலைக்கு இதைவிடத் தோதான சாமான் கிடையாது. நிபந்தனை ஒன்றே ஒன்று, டேப்லெட் படகில் இருக்க வேண்டும்.

முகமை அதை இயக்குநரின் மேசைமேல் வைத்தது.

"டேப்லெட்டைப் படகோட்டி கையில குடுத்தா, அவன் படகை அவனே கண்காணிச்சுக்குவான். அப்புறம் நாம எதைக் கண்காணிக்கிறது?" என்று ஜெயப்பிரகாஷ் திறப்பு விழாவில் கேட்டார். கைதட்டல் எழுந்தது. கேள்வி நியாயமானதுதான்.

கருவி பொருத்த வந்த சென்னைக்காரர், பெட்டியின் வைஃபை படகைத் தாண்டிக் கரைக்கு வந்தாலே அதிகம், மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கெல்லாம் வராது என்று சொல்லிப் பார்த்தார். "நீங்க முயற்சி பண்ணுங்க" என்றார்கள். மாலை வந்துவிட்டது, நாதஸ்வரம் வந்துவிட்டது, ரிப்பன் கட்டியாகிவிட்டது. திரை மட்டும் வெறுமையாக இருந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டெமோ என்ற பொத்தானை அழுத்தினார். செயலியை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக அதற்குள்ளேயே வைத்திருக்கும் பொம்மைப் படகு, பொம்மைக் கடல். நீலத் தண்ணீர் விரிந்தது. ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தின் வாசலில் ஒரு படகு ஜம்மென்று கிளம்பியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சென்னைக்காரர் கடைசி பஸ்ஸைப் பிடித்தார். போனவர் போனவர்தான்.

ஆயுத பூஜை வந்தது. முகமையிடம் இருந்த ஒரே ஆயுதம் டேப்லெட். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொட்டின் நடுவில் குங்குமம் அப்பி, சார்ஜர் ஒயரில் கதம்பம் சுற்றினார்கள். திரை மறையக் கூடாது என்பதற்காகப் பொட்டை ஓரத்தில், ஏதோ சின்ன இங்கிலீஷ் எழுத்து இருந்த மூலையில் வைத்தார்கள். மறுநாள் கதவிலும் பீரோவிலும் இருந்த பொட்டுகளைக் கழுவினார்கள். எலக்ட்ரானிக் சாமானைக் கழுவக் கூடாது என்பதால் பொட்டு அப்படியே இறுகிப்போனது. துடைத்தால் தரித்திரம் என்று அலுவலக உதவியாளர் சொன்னார். அதற்கு மேல் விதி எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

தினமும் காலையில் எல்லோரும் எழுந்து நிற்க, இயக்குநர் டேப்லெட்டைப் பார்த்துப் படகு நிலை அறிக்கையைப் படிப்பார். "காற்று, தென்மேற்கு. ஆழம், போதுமானது. படகு, நலம்." பிறகு உட்காருவார்கள். அறிக்கை மேலிடத்துக்குப் போகும். மேலிடம் பாராட்டும்.

பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை படகைக் கட்டிப் போட்டிருப்பார்கள். டேப்லெட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும். "லீவு நாள்ல கூட ஓடுது பாருங்க" என்று ஜெயப்பிரகாஷ் ஊழியர்கள் பக்கம் திரும்புவார். "அதுக்கு இருக்கற பொறுப்புணர்ச்சி நமக்கு இருக்கா?" ஊழியர்கள் தலை குனிவார்கள். படகின் முன்னால் தலை குனிவது எழில்மதிக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. கழுத்து பழகிவிட்டது.

"சார், அந்த ஊர்ப் பேரெல்லாம் ஏன் சார் வேற மாதிரி இருக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டும்மா."

டேப்லெட்டில் கடல் ஏற்ற இறக்க நேரமும் வந்தது. கடல் இறங்கும் நேரத்தில் படகை எடுப்பது ஆபத்து என்று சுற்றறிக்கை போனது. அன்றிலிருந்து கரடிமடுக் கரையில் "கடல் ஏற்றம் இன்று மாலை" என்று பலகை தொங்கியது. சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் அந்தப் பலகைக்குக் கீழே பொரித்த மீனும் பலாச்சுளையும் தின்றபடி, மலையுச்சியில், கடல் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அரசாங்கப் பலகை. ஒரு பெரியவர் மட்டும் ஏரியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "லேசா ஏறாப்பல தான் தெரியுது" என்றார்.

பிறகு கப்பல் வந்தது.

டேப்லெட்டில் முக்கோணமாக ஒரு சரக்குக் கப்பல் தோன்றி, முகமையின் படகை நோக்கி மெல்ல நகர்ந்தது. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தார். மலைக்குப் போன் போட்டார். லைன் கிடைக்காமல், வனத்துறை வாக்கிடாக்கியைக் கெஞ்சி வாங்கி, படகைக் கரைக்கு ஏற்றச் சொன்னார். கப்பல் கடந்து போகும்வரை கரடிமடுவில் படகுச் சவாரி நிறுத்தப்பட்டது. படகோட்டி சின்னதுரை மடக்குக் குடையை விரித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். அன்று மலைக்குப் போயிருந்த எழில்மதியிடம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேட்டார்.

"கப்பல் பூட்ச்சா தங்கச்சி? கவுத்த அவுக்கலாமா?"

"இன்னும் சொல்லலண்ணா."

"பெரிய கப்பல் போலக்குது. நவுர நேரம் ஆவுமில்ல."

அனுமதி பெறாமல் ஏரிக்குள் நுழைந்ததற்கு விளக்கம் கேட்டு அந்தக் கப்பலுக்கு நோட்டீஸ் தயாரானது. முகவரி தெரியாததால் ஏரிக்கரையில் ஒட்டினார்கள்.

சின்னதுரை நைனார்பாளையத்துக்காரர். கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். கனரக வாகன உரிமம் உள்ளவர் என்பதால் படகுக்கு எடுத்தார்கள். நீச்சல் தெரியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. "எனக்குத் தண்ணின்னா பம்புசெட்டுத் தொட்டி வரிக்கும் தான்" என்று அவர் எழில்மதியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். அம்மா களை வெட்டுகிறவள், அப்பா கரும்பு வெட்டிக் கை காய்த்தவர். அந்தக் கரும்பை ஆலைக்கு இழுத்துப் போன டிராக்டர்களில் ஒன்றைச் சின்னதுரை ஓட்டியிருக்கக்கூடும். அந்த உறவில்தான் தங்கச்சி.

சித்திரை பிறந்ததும் ஏரி வற்றத் தொடங்கியது. சின்னதுரையின் முகமும் வற்றியது.

"தண்ணி கம்மியாய்க்கினே வருது தங்கச்சி. அடியில பாறை இருக்குதா, வெட்டிப்போட்ட மரத்தோட முண்டு இருக்குதா, ஒண்ணும் தெரியல. ஒரே கலங்கல். மேல இருக்கறதுங்க செல்ஃபி எடுக்கறேன்னு எல்லாம் ஒரே பக்கம் சாயுதுங்க. முந்தாநாளு அடியில இன்னாவோ கரகரன்னுச்சு."

"அடியில தான் ஆழம் பாக்கற மிஷினு இருக்குதேண்ணா."

"இருக்குது. அது யாருகிட்ட சொல்லுதுன்னு தான் தெரியல."

எழில்மதி படகில் ஏறித் தன் போனை எடுத்தாள். கறுப்புப் பெட்டியின் வைஃபை பட்டென்று தெரிந்தது. பக்கத்தில் பூட்டுப் படம். அந்தப் பூட்டு திறந்தால் போதும், ஆழம் அவள் கைக்கு வந்துவிடும். பழைய போன் ஒன்றைச் சின்னதுரையின் கண்ணுக்கு நேரே கட்டிவிட்டால், பாறை வருமுன்னே அது கத்தும். பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும். அதில் குத்தினால் பழைய பாஸ்வேர்டு அழிந்து புதிதாக ஆரம்பிக்கலாம். ஆனால் பெட்டியை யாரும் திருடிவிடக் கூடாதென்று இரும்புக் கூண்டு செய்து, பூட்டி, பூட்டுக்கு மேல் அரக்கு வைத்திருந்தார்கள். கருவி அவ்வளவு பத்திரமாக இருந்தது. படகில் ஏறுகிறவர்களுக்கு உயிர்காக்கும் உடை கேட்டுப் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருந்தது.

அதனால்தான் மலையிறங்கி வந்து கேட்டாள்.

"பாஸ்வேர்டுங்கறது ஒரு வார்த்தை இல்லம்மா" என்றார் ஜெயப்பிரகாஷ். குரலில் விழா மேடை ஏறியிருந்தது. "அது ஒரு பொறுப்பு. ஒருத்தர்கிட்ட இருந்தா ஆபத்துன்னு மூணா பிரிச்சோம். முதல் பகுதி என்கிட்ட. நடுப்பகுதி கண்காணிப்பாளர்கிட்ட. கடைசிப் பகுதி கணக்கு அலுவலர்கிட்ட."

"கணக்கு அலுவலர் ரிட்டயர் ஆயிட்டாரே சார்."

"ஆமா. பிரிவு உபசார விழாவுல மாலை போட்டோம், பொன்னாடை போத்தினோம். கடைசிப் பகுதியை வாங்க மறந்துட்டோம். அப்புறம் போன் பண்ணினோம். பணியில் இல்லாத ஒருவர் அலுவலக ரகசியத்தைச் சொல்றது குற்றம்னு சொல்லி போனை வச்சுட்டாரு. நேர்மையான மனுஷன்."

"அப்ப பாஸ்வேர்டு யாருக்குமே தெரியாதா சார்?"

"தெரியாதுன்னு சொல்லாத. பாதுகாப்பா இருக்குன்னு சொல்லு."

எழில்மதிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. வெயிலில் நெடுநேரம் பஸ்ஸுக்கு நின்றவளுக்கு வருகிற அலுப்புதான் வந்தது.

"ஏரியில தண்ணி இல்ல சார். படகு தட்டிடும். ஆளுங்க ஏறுறாங்க. ஓட்டற அண்ணனுக்கு நீச்சலும் தெரியாது."

சொல்லி முடித்ததும்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இயக்குநர் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார். தென்னைமேல் தென்னையாக அடுக்கினாலும் முழுகிப்போகும் ஆழம் காட்டியது அது. "இவ்வளவு ஆழத்துல நீச்சல் தெரியாத ஒருத்தன் எப்படி ஓட்டலாம்? மேடம், சின்னதுரைக்கு ஒரு மெமோ போடுங்க."

"போட்டுடறேன் சார்" என்றார் கோகிலவாணி, வடையைப் பார்த்தபடி.

"நீ முதல் பட்டதாரி தானே?" ஜெயப்பிரகாஷ் அவளிடம் கனிவாகக் கேட்டார். "குடும்பத்துலயே முதல்ல படிச்சவங்க இன்னும் அடக்கமா இருக்கணும்மா. எனக்கெல்லாம் அப்பா தாத்தா காலத்துலேர்ந்து படிப்பு. எதைக் கேக்கணும், எதைக் கேக்கக்கூடாதுன்னு ரத்தத்துலயே இருக்கு."

அவளுடைய ரத்தத்தில் அது இல்லை. கரும்புத் தோகையும் களைக்கொட்டுமாக இருந்த ரத்தம்.

படகு தட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் நன்றாக ஏறியிருந்ததாக டேப்லெட் சொன்ன நேரத்தில். ஏரியின் நடுவில் ஒரு பாறை அடியைக் கிழித்தது. படகு ஒருபக்கம் சாய்ந்து எல்லோரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள். கத்தினார்கள், கைகால் உதறினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. சின்னதுரை ஆளாளுக்குக் கை கொடுத்துக் கரையேற்றினார். தப்பியது முகமையால் அல்ல, மழை பொய்த்ததால். ஆனால் ராதிகா என்ற புதுப்பெண்ணின் கால் பாறைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக் கணுக்கால் எலும்பு முறிந்துபோனது. அவள் வீட்டார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். போலீஸார் படகை ஓட்டியவர் பெயரைக் கேட்டார்கள். சின்னதுரை என்று எழுதிக்கொண்டார்கள்.

செய்தி மாடிக்கு வந்தபோது ஜெயப்பிரகாஷ் டேப்லெட்டைப் பார்த்தார். படகு மணிக்கு ஏழு கடல் மைல் வேகத்தில் அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

"எந்தப் படகு?" என்று கேட்டார்.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து கந்தசாமி என்ற அதிகாரி வந்தார். முதல் சாட்சி டேப்லெட். அதற்கு ஒரு நாற்காலி போட்டு, நாற்காலியில் பூத்துண்டு விரித்து, சாய்ந்து உட்காரும்படி வைத்தார்கள். எழில்மதி அந்த நாற்காலியைப் பார்த்தாள். தனக்கு வர வேண்டியது.

சின்னதுரை சுவரோரம் நின்றார். நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்.

கந்தசாமி டேப்லெட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அது கையெழுத்துப் போடத் தெரிந்த சாட்சியைப் போல மரியாதை பெற்றது. பிறகு நிதானமாகப் பேசினார்.

"அன்னைக்கு அந்த நேரத்துல ஆழம் இருபது மீட்டருக்கு மேல. அறிக்கையில இருக்கு. இருபது மீட்டர் ஆழத்துல படகு தரை தட்டாது. தட்டாததால விபத்து நடக்கல. விபத்து நடக்காததால, ஓட்டையோட கரையில கிடக்கிறது முகமையோட படகு இல்ல."

"அருமையான முடிவு சார்" என்றார் ஜெயப்பிரகாஷ். உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார்.

"அப்ப அது யாரோட படகு? அனுமதி இல்லாம தனியார் படகு ஏரிக்குள்ள எப்படி வந்தது? சின்னதுரை, இதுக்கு நீ பதில் சொல்லணும்."

"ஐயா, அது நம்ம படகுதாங்க. நான் தாங்க ஓட்னேன்."

"நம்ம படகு இதோ ஓடிக்கிட்டிருக்கே." கந்தசாமி நாற்காலியைக் காட்டினார். பொம்மைப் படகு ஒரு கலங்கரை விளக்கத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது.

சின்னதுரை குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஐயா, நான் இங்க நிக்கறேங்க. அத்த யாருங்க ஓட்றது?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம். அரசாங்கப் படகை இப்ப யார்கிட்ட குடுத்துட்டு வந்து நிக்கிற?"

சின்னதுரை எழில்மதியைப் பார்த்தார். டிராக்டர் ஓட்டிய காலத்தில் அவர் போலீஸிடம் மாட்டியிருக்கிறார், ஆர்.டி.ஓ.விடம் மாட்டியிருக்கிறார். ஓட்டாத வண்டிக்குப் பதில் சொன்னது இல்லை.

"வெளிய இருப்பா. கூப்பிடறோம்" என்றார் கந்தசாமி. சின்னதுரை போனார்.

அடுத்தது எழில்மதி. தொழில்நுட்பம் படித்தவள் அவள் ஒருத்திதான். கருவி சரியாக வேலை செய்தது என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் முடிந்தது. அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு டைப் ஆகிவிட்டது என்று கோகிலவாணி காலையிலேயே காதில் ஓதியிருந்தார். முந்தின நாள் வீட்டில் அம்மா பெரியநாயகியும் அதையேதான் சொன்னாள், களைக்கொட்டைக் கழுவிக்கொண்டே. "அந்தப் பொட்டி இன்னா சொல்லுதோ அத்தயே நீயும் சொல்லிட்டு வூடு வந்து சேரு. ஊர்ல நியாயம் எல்லாம் வேலையில இருக்கறவங்க பேசறதில்ல. வேல போனவங்க தான் பேசிக்கினு கெடக்கறாங்க." எழில்மதி அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிமிர மறந்து ரொம்ப நாளாகிறது.

"சொல்லும்மா" என்றார் கந்தசாமி. "கருவி சரியா இருந்துச்சா?"

"படகுல இருக்கற கருவி சரியா இருந்துச்சு சார். அது சொல்றத யாரும் கேக்கல. இது அந்தக் கருவியோட சேரவே இல்ல. ஒருநாளும் சேரல."

"புரியற மாதிரி சொல்லு."

அவள் நாற்காலி அருகே போனாள். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள்.

"ஏய்!" என்று இயக்குநர் எழுந்தேவிட்டார். "பூஜை பண்ணின பொட்டு!" அலுவலக உதவியாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காகப் பூத்துண்டின் மேல் உதிர்ந்தது. மூலையில் இருந்த சின்ன இங்கிலீஷ் எழுத்துகள் வெளியே வந்தன. கந்தசாமி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"டெமோ."

"ஆமா சார். இது பொம்மைப் படகு. செயலியோடயே வந்தது. நம்ம ஏரியும் இல்ல, நம்ம படகும் இல்ல."

வீதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. கந்தசாமி யோசித்தார். தலைமையகத்தில் அவருக்கு யோசிப்பவர் என்று பெயர்.

"டெமோன்னா தமிழ்ல என்ன?"

"செயல் விளக்கம் சார்" என்றார் ஜெயப்பிரகாஷ், முந்திக்கொண்டு.

"அதாவது, செயல்படுதுங்கறதுக்கு விளக்கம். கருவி செயல்படுதுன்னு கருவியே எழுத்து மூலமா சொல்லுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" கந்தசாமி திருப்தியோடு சாய்ந்தார். "நல்லவேளை, இந்தப் பொண்ணு பொட்டை எடுத்தது. இல்லேன்னா நமக்கு இது தெரிஞ்சே இருக்காது."

எழில்மதி அவரைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரா என்று தேடினாள். இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கோகிலவாணி அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தார். "எனக்கு மட்டும் தெரியாதுன்னா நெனைக்கற?" என்று கிசுகிசுத்தார். "நாளெல்லாம் அந்தக் கப்பலைப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்டி. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது, கட்டிக்குடுக்கணும். சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடு."

ஜெயப்பிரகாஷ் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். இப்போது மேடை இல்லை, அதனால் உண்மை வந்தது.

"நீ சொல்றதே சரின்னு வச்சுக்குவோம்மா. அப்ப இத்தனை நாள் நாங்க அனுப்பின அறிக்கை? அதைப் படிச்சுப் பாராட்டின மேலிடம்? இதே கருவியை மத்த ஏரிக்கெல்லாம் வாங்கச் சொல்லி உத்தரவு போயாச்சு. கப்பலுக்கு நோட்டீஸ் குடுத்திருக்கோம். இத்தனை பேரும் முட்டாள்னு ஆகறதைவிட, ஒரு டிராக்டர் டிரைவர் தப்பு பண்ணினான்னு ஆகறது எல்லாருக்கும் நல்லது இல்லையா? அவனுக்கு என்ன, திரும்ப டிராக்டர் ஓட்டுவான். நாங்க போய் டிராக்டர் ஓட்ட முடியுமா?"

"முடியாது சார்" என்றாள் எழில்மதி. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"பாத்தியா. நீ புத்திசாலிப் பொண்ணு. சொல்லிடு. உத்தரவு இப்பவே கைல தர்றேன். உங்கம்மா இனிமே களை வெட்டக் காட்டுக்குப் போக வேணாம்."

அம்மாவின் பெயரை இழுத்திருக்க வேண்டாம். இழுக்காமல் இருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அன்று காலை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்த ராதிகாவிடம் அவள் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள். படகோட்டி மேல் கோபமா என்று கேட்டதற்கு, "அந்த அண்ணன் தாங்க என்னத் தூக்கிக்கினு வந்தாரு. யாரு மேல எழுதணும்னு தெரியாம வூட்ல எழுதிட்டாங்க" என்றாள் ராதிகா. யார் மேல் எழுத வேண்டும் என்று எழில்மதிக்குத் தெரிந்திருந்தது. அவளால் அதை விளக்கிச் சொல்லவும் முடியும். அதைத்தானே படித்தாள்.

"வரேன் சார்" என்றாள்.

"எங்க? விசாரணை முடியலையே. உன் பதிலை எழுதணும்."

"நீங்களே எழுதிக்கோங்க சார். உங்களுக்குத்தான் பழக்கம்."

கதவைத் திறந்தாள். பின்னால் கந்தசாமி "இந்தப் பொண்ணுக்கு ஒரு மெமோ" என்று ஆரம்பிப்பது கேட்டது. கோகிலவாணி "மதி, மதி" என்று ரெண்டு தடவை கூப்பிட்டார், மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

மாடிப்படியின் கீழே, உரமூட்டைகளுக்கு நடுவே சின்னதுரை குந்தியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"இன்னா தங்கச்சி, என்னக் கூப்டறாங்களா?"

"இல்லண்ணா. இனிமே கூப்ட மாட்டாங்க. வா, ஸ்டேஷனுக்குப் போவலாம். நான் பேசறேன். புகார மாத்தி எழுத ராதிகாவோட அப்பாவும் வரேன்னு சொல்லிட்டாரு."

"ஸ்டேஷனுக்கா? நீயா?" அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "அப்ப உன் வேல?"

மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எழில்மதி கையைக் குறுக்கே நீட்டினாள். முதல் லாரி திட்டிக்கொண்டே நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்தாள்.